ஊசியும் நூலும் பழைய புடவையும்: தையல் பழகத் தொடங்குபவர்களுக்கு நான்கு பொருட்கள்

தையல் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ஜாக்கெட்டில்தான் கை வைக்கிறார்கள். ஜாக்கெட் முழுக்க வளைவு. டார்ட் (உடம்புக்குப் பொருந்தப் பிடிக்கும் மடிப்பு), கைச்சுற்று, கழுத்து என்று ஒவ்வொன்றும் தனி வித்தை. கால் இன்ச் தவறினாலும் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். இரண்டு துணி வீணானதும் "இது நமக்கு வராது" என்று ஊசியை எடுத்து வைத்துவிடுவார்கள். என் பக்கத்து வீடுகளிலேயே இரண்டு மூன்று பேர் அப்படி விட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் குறை எதுவும் இல்லை, தொடங்கிய இடம்தான் தவறு.

நேர்கோட்டிலேயே முடிந்துவிடுகிற, மறுநாளே வீட்டில் பயன்படுகிற பொருளில் தொடங்குங்கள். இங்கே நான் சொல்லப்போவது நான்கு: சுருக்குப்பை, அடுப்படிப் பிடிதுணி, மஞ்சப்பை, பச்சைக் குழந்தைக்குப் படுக்கைத்துணி. நான்குமே சதுரம் அல்லது செவ்வகம்தான். மெஷின் கட்டாயம் இல்லை. இந்த வரிசையிலேயே தைத்துப் பாருங்கள். ஒன்றில் பழகிய கை அடுத்ததற்கு உதவும்.

துணி

முதல் துணி பழைய பருத்திப் புடவையாக இருக்கட்டும். பல முறை துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயம் விடாது, ஊசிக்கு எளிதாக வழிவிடும். வெட்டித் தவறினாலும் மனசு பதறாது. சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, சாதாரணக் கைத்தறி, எதுவானாலும் சரி. சின்தடிக் புடவை வேண்டாம். அது ஊசிக்கடியில் வழுக்கும், மடித்துத் தேய்த்தாலும் மடிப்பு நிற்காது.

பருத்தியா, கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கறுத்த கெட்டி மணியாகத் திரளும். பிடிதுணிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

அடுத்து, புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எங்கே இழை தேய்ந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் கூடுதலாகக் கசியும். தரையில் உரசும் கீழ்க்கரையும் தோளில் பின் குத்தும் இடமும்தான் முதலில் போகும். உள்சுற்றில் இருந்த பகுதி நிறம் மங்காமல் அழுத்தமாக இருக்கும். நல்ல இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் குறித்துக்கொண்டு, அதற்குள்ளேயே வெட்டுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையில் எப்படியும் பாதிக்கு மேல் தேறும்.

புதுத் துணி வாங்கினால், முக்கியமாகக் காடா என்கிற வெளுக்காத தடித்த பருத்தித் துணி வாங்கினால், முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டு அப்படியே தைத்துவிட்டு, முதல் சலவையிலேயே பை கோணிப்போன அனுபவம் எனக்கு உண்டு. நீளவாட்டில் சுருங்கிய அளவு அகலத்தில் சுருங்கவில்லை. பையின் காது, அதாவது கைப்பிடி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யவே முடியவில்லை.

வெட்டும்போது இழை நேராக வர வேண்டும். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கையால் கிழித்துப் பாருங்கள். நெய்த பருத்தி இழையோடு நேராகக் கிழியும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மற்ற அளவுகளை எடுக்கலாம். இழைக்குச் சாய்வாக வெட்டிய பை தொங்கத் தொங்க ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

கையில் இருக்க வேண்டியவை

கூர்மையான கத்தரி ஒன்று. அதைத் துணிக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். வீட்டில் யாரும் பால் கவர் வெட்ட எடுக்காதபடி தனியாக வையுங்கள். டேப், சாக்பீஸ், குண்டூசி, ஒரு சேஃப்டி பின், இஸ்திரிப் பெட்டி. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 7 அல்லது 8ஆம் நம்பர் புடவைத் துணிக்குப் பொருந்தும், தடித்த காடாவுக்கு 5. மெஷின் ஊசியில் இது தலைகீழ்: எண் கூடினால் ஊசி தடிக்கும். கடையில் கேட்கும்போது எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒன்றரைத் தடவை அளந்து வெட்டினால் போதும். மறுபடி மறுபடி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் பத்துத் தையலுக்கு ஒருமுறை சிக்கு விழும். மெழுகுவர்த்தித் துண்டின் மேல் நூலை ஒருதரம் இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது.

வேலை தொடங்கும்போது எத்தனை ஊசி வெளியே எடுத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முடித்ததும் அதே எண்ணிக்கை திரும்பிப் பெட்டிக்குள் போக வேண்டும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதைத் தவறவே விடக்கூடாது.

தெரிய வேண்டிய தையல்கள்

ஓட்டுத்தையல்: ஊசி மேலும் கீழுமாகச் சம இடைவெளியில் ஓடும். துணிகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கவும், அடுக்குகளைச் சேர்க்கவும்.

பின்தையல்: ஒரு எட்டு பின்னால் குத்தி, இரண்டு எட்டு முன்னால் எடுப்பது. மேலே பார்த்தால் மெஷின் தையல் போலவே இடைவெளி இல்லாமல் இருக்கும். பாரம் தாங்க வேண்டிய இடத்தில் எல்லாம் இதுதான். ஒரு இன்ச்சுக்குள் எட்டுத் தையலாவது விழ வேண்டும்.

ஹெம்மிங்: மடித்த ஓரத்தை அடிக்க. கீழ்த்துணியில் ஓரிரு இழை, மடிப்பின் விளிம்பில் கொஞ்சம் என்று சாய்வாக எடுத்துக்கொண்டே போவது. வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாக மட்டும் தெரியும்.

சுற்றுத்தையல்: இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, ஊசியைச் சுற்றிச் சுற்றி எடுத்து இணைப்பது.

ஒரு கிழிசல் துணியில் ஒவ்வொன்றையும் ஆறு இன்ச் நீளம் போட்டுப் பழகுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

சுருக்குப்பை

வெற்றிலை பாக்கு, சில்லறை, சாவி எல்லாவற்றையும் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளும் பாட்டிமார்களின் சுருக்குப்பை இன்றைக்கு நகை வைக்க, இயர்போன் வைக்க, நவராத்திரிக்குத் தாம்பூலம் கொடுக்க என்று வேறு வேலைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. நான் சொல்கிற அளவில் தைத்தால் 7 இன்ச் அகலம், எட்டரை இன்ச் உயரம் வரும். அடியில் தையலே கிடையாது, பிசிரும் தெரியாது.

1. 8 இன்ச் அகலம், 20 இன்ச் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டுங்கள். முந்தானைப் பூவேலை பையின் முன்பக்கம் விழும்படி வைத்து வெட்டினால் அழகு தனி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: துணி நடுவில் மடிவதால் ஒரு பக்கத்துப் பூவோ மயிலோ தலைகீழாக நிற்கும். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு நீள ஓரங்களையும் கால் இன்ச் மடித்து, மறுபடி கால் இன்ச் மடித்து, இஸ்திரி போட்டு, ஹெம்மிங் செய்யுங்கள். இஸ்திரியை விட்டுவிட்டு விரலால் நீவினால் போதும் என்று நினைக்காதீர்கள். சூடு பட்டு உட்கார்ந்த மடிப்பு கண் மூடித் தைத்தாலும் நேராக வரும்.

3. மேலும் கீழும் உள்ள இரண்டு குறுகிய ஓரங்களைக் கால் இன்ச் மடித்து, அதன்மேல் ஒன்றேகால் இன்ச் மடியுங்கள். மடிப்பின் கீழ் விளிம்பை ஒட்டிப் பின்தையல் போடுங்கள். நாடா ஓடும் குழாய் இதுதான். இரண்டு முனைகளும் திறந்தே இருக்கட்டும்.

4. நல்ல பக்கம் (வெளியே தெரிய வேண்டிய பக்கம்) உள்ளே போகும்படி துணியை இரண்டாக மடியுங்கள். இரண்டு குழாய்களும் மேலே ஒன்றையொன்று பார்த்து நிற்கும். பக்க ஓரங்களை அடியிலிருந்து குழாய்த் தையலுக்குக் கொஞ்சம் கீழே வரை நெருக்கமாகச் சுற்றுத்தையல் போடுங்கள். நிறுத்துகிற இடத்தில் அதே துளையில் நாலு முறை சுற்றி முடிச்சுப் போடுங்கள். பையைத் திறக்கும்போது இழுபடுகிற இடம் அதுதான், முதலில் பிரிவதும் அதுதான்.

5. பையைத் திருப்புங்கள். மூலைகளை ஊசியால் குத்தி இழுக்காமல், மழுங்கிய பென்சில் முனையால் உள்ளிருந்து தள்ளுங்கள்.

6. பாவாடை நாடாவில் 24 இன்ச் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் நாடாவின் நுனியில் சேஃப்டி பின்னைக் குத்தி, இடது பக்கம் நுழைத்து, முன்குழாய் வழியாகப் போய்ப் பின்குழாய் வழியாகச் சுற்றி, நுழைந்த இடது பக்கமே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவதை வலது பக்கமிருந்து நுழைத்து, ஒரு சுற்று சுற்றி வலது பக்கமே எடுங்கள். இரண்டு முடிச்சையும் எதிரெதிராக இழுத்தால் வாய் இறுகி மூடிக்கொள்ளும். ஒரே நாடாவாக விட்டால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு மூடும்.

என் கைக்கு இது இரண்டு மாலை வேலை. உங்கள் முதல் பைக்கு நான்கு ஆனாலும் பரவாயில்லை. மூன்றாவது பையிலிருந்து கை தானாக ஓடும். தாம்பூலப் பையாகத் தேங்காயோடு கொடுக்க வேண்டுமென்றால் 11 இன்ச் அகலம், 28 இன்ச் நீளம் வெட்டி, மற்றதை எல்லாம் இதே மாதிரி செய்யுங்கள். நாடாவை மட்டும் 30 இன்ச் எடுங்கள்.

பிடிதுணி

அடுப்பிலிருந்து குக்கரை இறக்க எத்தனையோ வீடுகளில் பழைய பனியனைத்தான் மடித்துப் பிடிக்கிறார்கள். அது நழுவிக் கை சுட்டுக்கொண்ட கதை இல்லாத வீடு குறைவு. ஒரு ஜோடி பிடிதுணி புதுக்குடித்தனம் வைப்பவர்களுக்கு நல்ல பரிசு.

8 இன்ச் சதுரத்தில் இரண்டு பருத்தித் துண்டு, அதற்குள் வைக்க ஏழு இன்ச்சுக்குக் கொஞ்சம் உள்ளடங்கிய அளவில் பழைய டர்க்கித் துண்டிலிருந்து இரண்டு சதுரம். மேல்துணிகளை நல்ல பக்கம் உள்ளே வைத்து, ஒரு மூலையில் நாலு இன்ச் நாடாவை மடித்து உள்நோக்கிச் செருகி, அரை இன்ச் உள்ளே தள்ளிச் சுற்றிலும் பின்தையல் போடுங்கள். ஒரு பக்கத்தில் நாலு இன்ச் தைக்காமல் விட்டு, அதன் வழியே திருப்புங்கள். டர்க்கித் துணியைச் சுருக்கமில்லாமல் உள்ளே பரப்பி, திறந்த வாயைச் சுற்றுத்தையலால் மூடுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காகவும், அவற்றுக்கு இணையாக ஒரு இன்ச் இடைவெளியிலும் ஓட்டுத்தையல் போட்டால் உள்துணி நகராது.

துணி, உள்துணி, நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். சூட்டில் உருகும் துணி கையோடு ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: பிடிதுணி ஈரமாக இருந்தால் எடுக்கக் கூடாது. ஈரத்துணி வழியே சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். நாடா வைத்ததே ஆணியில் மாட்டி உலர்த்துவதற்குத்தான்.

மஞ்சப்பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். கல்யாண வீட்டில் மணமக்கள் பேர் அச்சடித்துக் கொடுத்த பையில் காய்கறி வாங்கிய தலைமுறைக்கு அது புதிதல்ல. ஆனால் கடைப்பை ஏன் சீக்கிரம் காது அறுந்துபோகிறது என்பதைத் தைத்துப் பார்த்தால்தான் புரியும்.

இதற்குப் புடவைத் துணி தாங்காது. காடா ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். ஊறவைத்துக் காய்ந்த பிறகு உடலுக்கு 16 இன்ச் அகலம், 38 இன்ச் நீளம் ஒரே துண்டு, காதுக்கு 4 இன்ச் அகலம், 22 இன்ச் நீளம் இரண்டு துண்டு வெட்டுங்கள். நூலை இரட்டையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது. நாலு இன்ச் பட்டியின் இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, அதை மறுபடி இரண்டாக மடித்தால் ஒரு இன்ச் அகலத்தில் நாலு அடுக்கு. இரண்டு விளிம்பிலும் பின்தையல்.

அடுத்து வாய். துணியின் இரு குறுகிய ஓரங்களையும் உள்பக்கமாக அரை இன்ச், பிறகு ஒன்றரை இன்ச் மடித்துத் தேயுங்கள். இரண்டு பக்க ஓரங்களிலிருந்தும் 5 இன்ச் அளந்து குறித்து, குறி காதின் அகலத்துக்கு நடுவில் வரும்படி ஒரே காதின் இரு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் ஆழமாகச் செருகுங்கள். காது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மடிப்பின் கீழ் விளிம்பைத் தையுங்கள். இப்போது காது கீழ்நோக்கித் தொங்கும். அதை மேல்நோக்கித் தூக்கி, வாயின் மேல் விளிம்பிலும் ஒரு வரி தையுங்கள்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். என் முதல் பையில் இந்த இரண்டு வரியோடு விட்டிருந்தேன். மூன்று தேங்காயும் இரண்டு கிலோ வெங்காயமும் தாங்கிக்கொண்டு சந்தையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வந்தது. படியேறும்போது ஒரு காது பிய்ந்து வெங்காயம் முழுக்க ரோட்டில். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூல் அறுந்திருக்கவில்லை. தையல் விழுந்த கோட்டிலேயே துணிதான் கிழிந்திருந்தது. பாரம் முழுவதும் ஒரு கோட்டில் விழுந்தால் அந்தக் கோடு துணிக்குத் துளையிட்ட காகிதம் மாதிரி ஆகிவிடும். அதனால் காது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இரண்டு வரிகளையும் பக்கங்களில் இணைத்து ஒரு கட்டம் ஆக்குங்கள். கட்டத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போலத் தையுங்கள். பாரம் கட்டம் முழுவதும் பரவிக்கொள்ளும். அதற்குப் பிறகு என் பைகளில் ஒரு காதும் அறுந்ததில்லை.

பிறகு பக்கங்கள். பிசிர் தெரியாமல் இருக்க இரண்டு முறை தைக்க வேண்டும். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி துணியை மடித்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு வரி. நீட்டியிருக்கும் பிசிரை ஒட்ட நறுக்கிவிட்டு, பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கால் இன்ச்சுக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு மறுபடி ஒரு வரி. பிசிர் இரண்டு தையலுக்கும் நடுவில் அடைபட்டுவிடும்.

கடைசியாக அடிப்பக்கம். பை உள்புறம் வெளியே இருக்கும்போதே, ஒரு பக்கத் தையலை அடி மடிப்பின் மேல் படுக்கவைத்தால் மூலை முக்கோணமாக நிற்கும். முக்கோணம் 4 இன்ச் அகலமாகிற இடத்தில் குறுக்கே கோடு போட்டுத் தையுங்கள். மறுமூலையும் அப்படியே. முக்கோணத்தை வெட்டாதீர்கள். அடியோடு மடித்து நுனியை மட்டும் தைத்துவிட்டால் அடிப்பக்கம் கனமாகும். பை நாலு இன்ச் அகல அடியோடு தரையில் நிற்கும்.

மஞ்சளில் தோய்த்துச் சாயம் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு: சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்து பயமுறுத்தும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரத்தன்மைதான் சோப்பிலும் இருக்கிறது. நன்றாக அலசினால் மஞ்சளாகத் திரும்பும். வெயிலில் மட்டும் வெளுத்துவிடும், நிழலில் உலர்த்துங்கள்.

குழந்தைக்குப் படுக்கைத்துணி

பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் சேர்ப்பதை வங்கத்தில் காந்தா என்கிறார்கள், மராட்டியத்தில் கோதடி. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பாட்டியின் நூல் புடவையில் கிடத்துகிற வழக்கம் எப்போதும் உண்டு. அதை அடுக்கித் தைத்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

புடவையின் முழு அகலத்துக்கு, 36 இன்ச் நீளத்தில் மூன்று துண்டு. நடுத்துண்டை மட்டும் இரண்டு வெட்டு ஓரங்களிலும் அரை இன்ச் குறைத்துவிடுங்கள். ஜரிகை இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்குங்கள், குழந்தையின் தோலைக் கீறும். மூன்றையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவி, பெரிய பெரிய தையலாகக் கச்சாத் தையல் போட்டுப் பிடித்துவையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து குவியும். வெட்டு ஓரங்களில் மேல், கீழ்த் துணிகளை அரை இன்ச் உள்மடித்துத் தையுங்கள். புடவைக் கரை இருக்கும் இரு பக்கங்களையும் சேர்த்துத் தைத்தாலே போதும்.

பிறகு ஒன்றரை இன்ச் இடைவெளியில் நீளவாட்டில் ஓட்டுத்தையல் வரிகள், இதுவும் நடுவிலிருந்தே. முடிச்சை அடுக்குகளுக்கு இடையில் இழுத்து மறைத்துவிடுங்கள். நாளுக்கு நான்கு வரி போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் முடியும். மணி, பட்டன், சமிக்கி எதுவும் வேண்டாம். கச்சாத் தையலை உருவி, குண்டூசி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்த்த பிறகு துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். இது குழந்தையைக் கிடத்தத்தான், முகத்தோடு போர்த்த அல்ல.

மெஷின் இருந்தால்

புடவைத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி, காடாவுக்கு 16. தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். நல்ல துணியில் வைப்பதற்கு முன் அதே துணியின் துண்டில் ஓட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று திரண்டால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். அதை முழுவதும் கழற்றி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கோர்த்தால் சரியாகிவிடும். காது உட்காரும் இடத்தில் அடுக்கு தடிமனாக இருக்கும். அங்கே பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக எடுங்கள், ஊசி முறியாது.

கொடுப்பதற்கு முன்

தொங்கும் நூல்களை நறுக்கி, சாக்பீஸ் அடையாளம் போக ஒரு அலசு அலசி, இஸ்திரி போட்டு மடியுங்கள். பரிசுக் காகிதம் சுற்ற வேண்டியதில்லை. பிடிதுணி ஜோடியைப் பெரிய அளவுச் சுருக்குப்பைக்குள் போட்டுக் கொடுக்கலாம், படுக்கைத்துணியை மஞ்சப்பையில் வைத்துக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் வீட்டுப் பெரியவரின் புடவையே கிடைத்தால் அதைவிட நல்ல துணி கிடையாது. கேட்டு வாங்குங்கள், வெட்டப்போகிறீர்கள் என்பதையும் சொல்லி வாங்குங்கள்.

தைத்த துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டும், ஒரு அட்டையில் சுற்றிய அதே நூலும் பைக்குள் போட்டுவிடுங்கள். என்றைக்காவது மூலை பிரிந்தால் அவர்களே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.